வேலியும் பொது நிலமும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் யானும் சிறிது நேரம் பேச வேண்டுமெனச் சங்கத்தார் பணித்தனர். தமிழாசிரியன் எழுந்தால் இலக்கியமே பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருத்தல் இயல்பே. ஆயினும் இன்று யான் எடுத்துக்கொண்டது நிலத்தைப் பற்றிய ஒரு வரலாறு. நம்மிற் பெரும்பாலோர் நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களிற் பிறந்தவர்கள். ஆதலின் இப்பொருள் உங்கட்குச் சலிப்புத் தாராதென நம்புகின்றேன்.

இதனை எடுத்துக்கொள்ளக் காரணமாயிருந்த ஒரு சிறு நிகழ்ச்சியை முதற்கண் கூறிவிடுகின்றேன். சில திங்களுக்கு முன் வகுப்பில் 'பொது' என்னும் சொல்லை விளக்கிக்கொண்டிருந்தேன். 'பொது நிலம் என்றால் யாருடைய நிலம்?' என்று மாணாக்கரை வினவினேன். முன் வரிசையில் இருந்த ஒருவன், 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம், ஐயா' என்றான். பின் வரிசையில் இருந்த ஒருவன், ஆடு மேய்த்துப் பிழைக்கும் வீட்டுப் பிள்ளை, 'எல்லாருக்கும் சொந்தமான நிலம், ஐயா' என்றான்.

மேலெழுந்தவாரியாகப் பார்ப்பின் இரண்டு விடைகளும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், முதல் விடையை ஏற்றுக்கொண்டால், அந்நிலத்தை வலியான் ஒருவன் வளைத்துக்கொள்ளும்போது அதனை இழந்தவர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. இரண்டாம் விடையை ஏற்றுக்கொண்டாலோ, ஊர் முழுவதுமே இழந்ததாகும். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து தேசத்துக் கிராமங்களில் எழுந்த வேலி வழக்குகள் எல்லாம், இவ்விரண்டு விடைகளுக்கும் இடையே நிகழ்ந்த போராட்டமே என்று சொல்லலாம். அதனையே இன்று உங்கள்முன் எடுத்துரைக்க விழைகின்றேன்.

'வேலி' என்னும் நம் சொல்லையே பாருங்கள். அது முள்ளாலும் கழியாலும் அடைக்கப்படும் அரணையும் குறிக்கும்; சோழநாட்டில் இருபது மா கொண்ட நில அளவையும் குறிக்கும். அடைப்பதும் அடைக்கப்படும் நிலமும் ஒரே சொல்லால் வழங்குதல் சிந்திக்கத்தக்கது. பயிரைக் காப்பதற்கு வேலி வேண்டும். அதனை மறுப்பார் யாருமில்லை. ஆயினும், 'வேலியே பயிரை மேய்ந்தாற்போல' என்று சொல்லி வைத்தவர்களும் நம் முன்னோரே. வேலி காப்பது எப்போது, மேய்வது எப்போது என்பதே கேள்வி.

முன்னாளில் இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கிராமங்கள் எவ்வாறு இருந்தன என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஊரின் உழுநிலம் முழுவதும் இரண்டு அல்லது மூன்று பெரு வயல்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. அவ்வயல்களின் உள்ளே வேலி என்பதே கிடையாது. ஒவ்வொரு பெருவயலும் நீண்டு ஒடுங்கிய துண்டுகளாகப் பிரிந்திருந்தது. ஒரு துண்டு ஏறக்குறைய ஓர் ஏக்கரோ, அரை ஏக்கரோ இருக்கும். ஒரு குடியானவனுக்கு இருபது துண்டுகள் உண்டென்றால், அவை ஓரிடத்தில் இரா. இங்கொன்றும் அங்கொன்றுமாக மூன்று வயல்களிலும் சிதறிக் கிடக்கும். நல்ல மண்ணும் தீய மண்ணும், மேடும் பள்ளமும் எல்லார்க்கும் கலந்து கிடைத்தற்கு அஃது ஒரு வழியாக இருந்தது. நம் நாட்டிலும் சில ஊர்களில் கரையீடு என்னும் முறைப்படி, பங்காளிகள் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தை மாற்றிப் பகிர்ந்துகொண்டதை முதியோர் அறிவர். இரண்டும் ஒன்றல்ல, எனினும் அடியில் உள்ள எண்ணம் ஒன்றே.

மூன்று வயல்களில் ஒன்றில் கோதுமை போன்றவை விளையும். ஒன்றில் வாற்கோதுமையோ அவரை பட்டாணியோ விளையும். மூன்றாவதை அவ்வாண்டு ஆறப்போடுவர். அறுவடை முடிந்தவுடன் வயல் திறந்துவிடப்படும். அதன்பின் அஃது ஒருவனுடைய துண்டு என்பதின்றி, ஊர் மாடுகளும் ஆடுகளும் தாளை மேயும். அவற்றின் எரு மண்ணிற் சேரும். வயலுக்கு அப்பால் மேய்ச்சல் வெளியும், புதரும், சதுப்பும் இருக்கும். ஏழை ஒருவன் அங்கே ஒரு பசுவையோ, சில வாத்துக்களையோ விட்டு வளர்ப்பான். அடுப்புக்கு முட்செடியும் சுள்ளியும் கொணர்வான். கூரைக்குக் கோரை அறுப்பான். அறுவடைக்குப் பின் பெண்டிரும் பிள்ளைகளும் சிந்திய கதிரைப் பொறுக்குவர். அது குளிர்காலத்துச் சில வாரங்களுக்கு அவ்வீட்டு மாவாகும்.

இஃது ஒழுங்கற்ற கொள்ளை என்று எண்ணற்க. ஒருவன் எத்தனை மாடு விடலாம், எத்தனை ஆடு விடலாம், எந்நாளில் வயலைத் திறப்பது, எந்நாளில் அடைப்பது என்பவற்றையெல்லாம் ஊரார் கூடிக் கட்டுப்பாடு செய்வர். மீறினவனுக்கு அபராதம் உண்டு. இக்கட்டுப்பாடுகளை நடத்த ஊரிலேயே காவற்காரரும் பஞ்சாயத்தாரும் இருந்தனர். நாட்டிங்காம் மாகாணத்தைச் சேர்ந்த லாக்ஸ்டன் என்னும் ஒரு கிராமத்தில் இத்திறந்த வயல் முறையின் எச்சத்தை இன்றும் காணலாம். அங்கே ஊர் நடுவர் குழு இன்றும் வயலைப் பார்வையிட்டு, எல்லை மீறினவர்க்கு அபராதம் விதிக்கின்றது.

பிறகு ஏன் வேலி வந்தது? இக்கேள்விக்கு நேர்மையாக விடை கூறுதல் வேண்டும். மக்கள் தொகை பெருகிற்று. 1801ஆம் ஆண்டில் எடுத்த முதற் கணக்கின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறக்குறைய 89 இலட்சம் மக்கள் இருந்தனர். தானியத்தின் விலை ஏறிற்று. 1793ஆம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்துடன் போர் தொடங்கிய பின்னர் மிகவும் ஏறிற்று. டர்னிப் கிழங்கையும் குளோவர் என்னும் தீவனப் புல்லையும் மாறி மாறிப் பயிரிட்டால் நிலத்தை ஆறப்போட வேண்டுவதில்லை என்பதைப் பலரும் கண்டனர். லெஸ்டர் மாகாணத்து ராபர்ட் பேக்வெல் போன்றோர் நல்ல ஆட்டினத்தைத் தெரிந்து வளர்த்துப் பெயர் பெற்றனர். ஊர் மந்தையோடு கலந்து மேயும் ஆட்டை அவ்வாறு தெரிந்து வளர்த்தல் அரிது. ஒரு மாட்டுக்கு நோய் வந்தால் எல்லாவற்றிற்கும் பரவும். சிதறிய இருபது துண்டுகளுக்கு ஏரைத் திருப்பித் திருப்பி ஓட்டுவதும் வீண் உழைப்பே. இவையெல்லாம் மெய்யான காரணங்கள். இவற்றோடு இன்னொன்றும் உண்டு. வேலியிட்ட நிலத்திற்குக் குத்தகை ஏறும். பல இடங்களில் அஃது இரட்டித்தது. குத்தகை வாங்குவோர் வேலியை விரும்பியதன் காரணத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நிலத்தை அடைப்பதும் அதனை எதிர்ப்பதும் அந்நாட்டுக்குப் புதியன அல்ல. 1607ஆம் ஆண்டில் நார்த்தாம்டன் மாகாணத்து நியூட்டன் என்னும் ஊரில் வேலிகளைப் பிடுங்கி எறிந்த மக்கள்மேல் படை ஏவப்பட்டு, நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது வேறு வகை. முன்னே ஒரு பிரபு தன் வலிமையால் அடைத்தான். பின்னே பார்லிமெண்டே சட்டம் செய்து அடைத்துக் கொடுத்தது. 1604ஆம் ஆண்டு முதல் 1914ஆம் ஆண்டு வரையில் இவ்வாறு இயற்றப்பட்ட தனிச் சட்டங்கள் 5,200க்கு மேற்பட்டவை. அவற்றால் அடைக்கப்பட்ட நிலம் ஏறக்குறைய 68 இலட்சம் ஏக்கர். அஃதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. அவற்றுட் பெரும்பாலானவை 1750ஆம் ஆண்டுக்கும் 1830ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்டன.

அச்சட்டம் உண்டாகும் முறையைச் சிறிது உற்று நோக்குவோம். ஏனெனில் வழக்கின் உயிர்நிலை அங்கேதான் இருக்கின்றது. ஊரில் நிலமுடையோர் சிலர் கூடிப் பார்லிமெண்டுக்கு ஒரு விண்ணப்பம் செய்வர். 1774ஆம் ஆண்டுக்குப் பின், அத்தகைய விண்ணப்பம் வருகின்றதென்று தேவாலயக் கதவில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அறிக்கை ஒட்ட வேண்டுமென விதித்தனர். அதற்கு முன் அந்த அறிக்கையும் கட்டாயமில்லை. பின்னர் மசோதா ஒரு கமிட்டியின் ஆய்வுக்குச் செல்லும். அங்கே, 'ஊரார் இசைந்தனரா?' என்று கேட்பர். அவ்விசைவை எவ்வாறு எண்ணினர் என்பதே நாம் கவனிக்க வேண்டுவது. தலையை எண்ணினாரில்லை, நிலத்தின் மதிப்பை எண்ணினர். நிலத்தின் மதிப்பில் முக்காற் பங்கோ, ஐந்தில் நான்கு பங்கோ உடையவர் இசைந்தால் ஊர் இசைந்ததாகும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இடுவோம். ஓர் ஊரில் 2,000 ஏக்கர் ஒரே தரமான நிலம் உண்டென்று கொள்வோம். பிரபு ஒருவருக்கு 1,500 ஏக்கர். மீதி 500 ஏக்கர் நாற்பது குடியானவர்களுக்கு. நிலமின்றிப் பசு மேய்க்கும் உரிமை மட்டும் கொண்ட குடிசைக்காரர் முப்பது பேர். அப்பிரபு ஒருவர் கையெழுத்திட்டால் முக்காற் பங்கு இசைந்ததாயிற்று! நாற்பது பேரும் முப்பது பேரும் ஒருமித்து 'வேண்டா' என்று கூவினும், கணக்கில் அவர்கள் சிறுபான்மையோர். மேலும், அம்மசோதாவை ஆராய்ந்த பார்லிமெண்டு அங்கத்தினர்களும் பெரும்பாலும் நிலக்கிழார்களே.

சட்டம் நிறைவேறியபின் கமிஷனர்கள் ஊருக்கு வருவர், பெரும்பாலும் மூவர். நில அளவைக்காரர் உடன் வருவார். 'உரிமை கொண்டாடுவோர் எல்லாரும் குறித்த நாளுக்குள் எழுதிக் கொடுங்கள்' என்று அறிவிப்பர். எழுத்தறியாத குடிசைக்காரன் என் செய்வான்? அவன் தந்தையும் பாட்டனும் அங்கே பசு மேய்த்தனர் என்பதுதான் அவன் பத்திரம். வாடகைக் குடிசையில் இருந்தவன் நிலை இன்னும் கடினம். பசு மேய்க்கும் உரிமை குடிசையைச் சார்ந்ததாகையால், அதற்கு ஈடாக வந்த நிலம் குடிசையின் சொந்தக்காரருக்குச் சென்றது. பசுவை மேய்த்தவனுக்கு ஒன்றும் இல்லை. குடிசைக்கும் உரிமையின்றி, வழக்கம் ஒன்றனையே பற்றிச் சுள்ளி பொறுக்கினவன் பெயர் அப்பட்டியலில் ஏறவேயில்லை.

இனி, உரிமை மெய்ப்பிக்கப்பட்ட சிறு குடியானவன் நிலையைப் பார்ப்போம். அவனுக்கு ஓரிடத்தில் ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ அளந்து கொடுத்தனர். ஆனால், அதனைக் குறித்த காலத்துக்குள் தன் செலவில் வேலியிட வேண்டும். சட்டம் பெற்ற செலவு, அளவைச் செலவு, பாதைச் செலவு ஆகியவற்றிலும் அவன் பங்கு கொடுக்க வேண்டும். இங்கே பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று கேளுங்கள். சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 70 கெஜம். நான்கு புறமும் அடைக்க 278 கெஜ வேலி வேண்டும். சதுரமான நூறு ஏக்கர் நிலத்தை அடைக்க 2,783 கெஜ வேலி வேண்டும். அஃதாவது ஏக்கர் ஒன்றுக்கு 28 கெஜந்தான். ஆகவே சிறியவனுக்கு ஏக்கர் ஒன்றுக்கு வேலிச் செலவு பெரியவனுக்கு ஆவதைப் போற் பத்து மடங்கு! ஒருவரும் வஞ்சகம் செய்யவில்லை. கணிதமே அவனுக்கு எதிராக நின்றது. அந்த ஓர் ஏக்கரில் ஒரு பசுவை ஆண்டு முழுவதும் காப்பாற்றவும் இயலாது. எனவே பலர் பசுவை விற்றனர். பின்னர் நிலத்தையும் விற்றனர். பின்னர்க் கூலிக்குச் சென்றனர். கனத்த களிமண் நிலமாகிய நடு மாகாணங்களில், அடைக்கப்பட்ட உழுநிலம் பெரும்பாலும் புல் வெளியாக மாறியது. உழவு குறைந்த இடத்தில் கூலியும் குறைந்தது.

இதனை ஊரார் வாய்மூடிப் பொறுத்திருந்தனர் என்று கொள்ளற்க. நார்த்தாம்டன் மாகாணத்து ரான்ஸ் என்னும் ஊர்க் குடிகள் 1797ஆம் ஆண்டில் பார்லிமெண்டுக்கு ஒரு மாற்று விண்ணப்பம் அனுப்பினர். நிலத்தைச் சீர்திருத்துகின்றோம் என்னும் பெயரால், பசுவும் கன்றும் ஆடும் மேய்க்கும் விலை மதிப்பற்ற உரிமையைத் தாங்கள் இழக்கப் போவதாக அவர்கள் முறையிட்டனர். அவ்வுரிமையே குளிர்காலத்தில் தங்கள் குடும்பத்தைக் காப்பது என்றனர். அது போய்விட்டால் ஊர் குடியின்றிப் பாழாகும், மக்கள் ஆலைப் பட்டணங்களுக்குக் கூட்டங்கூட்டமாகப் போவர் என்று எச்சரித்தனர். அவ்விண்ணப்பத்தில் வசை இல்லை, வன்மம் இல்லை. நிதானமான நியாயமே இருந்தது. பார்லிமெண்டு அதனைப் பெற்றுக்கொண்டது; மசோதாவையும் நிறைவேற்றியது.

அதே மாகாணத்து வெஸ்ட் ஹாடன் என்னும் ஊரார் வேறு வழி கண்டனர். 1765ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் 'நார்த்தாம்டன் மெர்க்குரி' என்னும் செய்தித்தாளில் ஒரு விளம்பரம் வந்தது. ஆகஸ்டு முதல் நாளில் ஹாடன் வயல்களிற் கால்பந்து ஆட்டம் நடைபெறும், பரிசும் உண்டு என்று விளையாட்டு விருப்பமுள்ளவர்களுக்கெல்லாம் அழைப்பு விடுத்திருந்தனர். குறித்த நாளில் பெருங்கூட்டம் கூடிற்று. பந்தாட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் ஆட்டம் மறைந்தது. கூட்டத்தார் அவ்வயலை அடைப்பதற்காக வைத்திருந்த வேலிகளைப் பிடுங்கிக் கொளுத்தினர். பட்டணத்திலிருந்து குதிரை வீரர்கள் அனுப்பப்பட்டுப் பலரைச் சிறைபிடித்தனர். மறு வாரமே அதே செய்தித்தாள் அச்செய்தியையும் வெளியிட்டது. அரசினர் அறியாதவாறு ஊர் ஊராக ஆள் திரட்ட அவர்கள் கையாண்ட உபாயத்தை எண்ணுங்கால் நகைப்பும் வருகின்றது. அதன் பின்னே இருந்த வேதனையை எண்ணுங்கால் அந்நகைப்பு நிற்கின்றது.

இத்தகைய பெருங் கலகங்கள் மிகப் பலவல்ல. ஆனால் இதனைக் கொண்டு மக்கள் மனமுவந்து இசைந்தனர் என்று முன்னாளைய ஆசிரியர் சிலர் முடிவு கட்டியது தவறு. 1993ஆம் ஆண்டில் நீசன் என்னும் வரலாற்று அம்மையார் நார்த்தாம்டன் மாகாணத்து ஆவணங்களை ஊர் ஊராக ஆராய்ந்து நூலொன்று எழுதினார். கையெழுத்திட மறுத்தல், அறிக்கையைக் கிழித்தல், அளவைக்காரர் புத்தகத்தைக் களவு செய்தல், இரவில் வேலியைச் சாய்த்தல் என எதிர்ப்புப் பல வடிவங்களில் நெடுங்காலம் நிகழ்ந்ததை அவர் எடுத்துக் காட்டினார்.

நீதிமன்றங்கள் என் செய்தன? 1607ஆம் ஆண்டிலேயே, ஓர் ஊரிற் குடியிருக்கின்றார் என்னும் காரணத்தால் மட்டும் ஒருவர்க்கு மேய்ச்சலுரிமை உண்டாகாது என்று கேட்வர்டு என்பாரின் வழக்கில் தீர்ப்பாயிற்று. 1788ஆம் ஆண்டில் சபோக் மாகாணத்து மேரி ஹவுட்டன் என்னும் பெண்மணியின் வழக்கில், அறுவடைக்குப் பின் கதிர் பொறுக்குதல் சட்டப்படி உரிமையன்று என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். சிந்திய கதிரும் நிலமுடையவனுடையதே என்றாயிற்று. ஆயினும் பல ஊர்களில் பெண்டிர் அதன்பின்னும் நெடுநாள் வயலில் இறங்கிக் கதிர் பொறுக்கியே வந்தனர். மன்றம் 'உரிமையன்று' என்று சொன்னதை அவர்கள் மனம் ஏற்றுக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் ஆர்தர் யங் என்பவரைப் பற்றிச் சொல்லாமல் இருத்தல் இயலாது. அவர் அக்காலத்து வேளாண்மை எழுத்தாளருள் தலை சிறந்தவர். வேலியைப் பல்லாண்டுகள் புகழ்ந்து எழுதியவர். அரசாங்க வேளாண்மைச் சபையின் செயலாளராகவும் இருந்தவர். பின்னர் ஊர் ஊராகச் சென்று, வேலியிட்டபின் ஏழைகள் எவ்வாறு இருக்கின்றனர் என்று கேட்டறிந்தார். 1801ஆம் ஆண்டில் தாம் கண்டதை மறையாது வெளியிட்டார்: இருபது அடைப்புச் சட்டங்களில் பத்தொன்பதில் ஏழைகள் தீங்குற்றனர் என்றும், பசுவை இழந்த குடிசைக்காரனுக்குப் பார்லிமெண்டின் நியாயங்கள் ஆறுதலாகா என்றும் எழுதினார். தரிசு நிலங்களை ஏழைகளுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டுமெனவும் வாதித்தார். தாம் முப்பது ஆண்டுகள் சொல்லி வந்ததற்கு மாறாகத் தம் கண் கண்டதை எழுதுதற்கு ஒருவர்க்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! அவர் சொல்லை அன்று கேட்டவர் சிலரே.

ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகில் ஆட்மூர் என்னும் சதுப்பு நிலம் உண்டு. ஏறக்குறைய 4,000 ஏக்கர் பரப்புள்ளது. சுற்றிலும் ஏழு ஊர்கள். தேவ அன்னை ஒருநாள் குதிரைமேல் ஏறி, ஒரு கதிர்க்கட்டு எரிந்து முடியும் நேரத்துக்குள் எவ்வளவு நிலத்தைச் சுற்றி வந்தாரோ, அவ்வளவையும் அவ்வூர் மக்களுக்கு அளித்தார் என்பது அங்கே வழங்கிய பழங்கதை. நம் நாட்டு ஊர்க்கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அஃது அயலாகத் தோன்றாது. அக்கதையே அவர்கள் பட்டயம்! 1801ஆம் ஆண்டில் அடைப்பு அறிக்கையைத் தேவாலயக் கதவுகளில் ஒட்ட வந்தவரை மக்கள் கூடித் தடுத்துவிட்டனர். எனினும் 1815ஆம் ஆண்டில் சட்டம் நிறைவேறியது. 1830ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், ஏறக்குறைய ஆயிரம் பேர் பட்டப்பகலில் ஆட்மூரின் எல்லையை முன்போலவே சுற்றி நடந்து, எதிர்ப்பட்ட வேலிகளையெல்லாம் சாய்த்தனர். நாற்பத்தொருவரைப் பிடித்து வண்டிகளில் ஏற்றிக் காவலுடன் ஆக்ஸ்போர்டுச் சிறைக்கு அனுப்பினர். அன்று அந்நகரில் திருவிழாச் சந்தை. சந்தைக் கூட்டத்தார் காவலரை மடக்கிக் கைதிகள் அனைவரையும் விடுவித்துவிட்டனர். கிளர்ச்சி மேலும் சில ஆண்டுகள் நீடித்தது. இறுதியில் வேலியே வென்றது.

பெரியோர்களே! இவ்வரலாற்றைப் பற்றி அறிஞர்கள் ஒருமுகமாகப் பேசினாரில்லை. 1911ஆம் ஆண்டில் ஹாமண்டு தம்பதிகள், ஏழைகள் கொள்ளையிடப்பட்டனர் என்று உருக்கமாக எழுதினர். 1966ஆம் ஆண்டில் சேம்பர்சும் மிங்கேயும், வேலியால் விளைவு பெருகிற்று, தொழிலும் குறையவில்லை, சட்டமுறையும் பெரும்பாலும் ஒழுங்காகவே நடந்தது என்று மறுத்தனர். 1992ஆம் ஆண்டில் ராபர்ட் ஆலன் என்னும் பொருளாதார அறிஞர், வேலி வருமுன்னரே திறந்த வயற் குடியானவரும் விளைவைப் பெருக்கியிருந்தனர் என்று கணக்கிட்டுக் காட்டினார். பொது நிலம் எப்போதும் பாழாகியே தீரும், ஏனெனில் ஒவ்வொருவனும் மேலும் ஒரு மாட்டை விடுவான் என்று 1968ஆம் ஆண்டில் காரெட் ஹார்டின் எழுதியது உலகெங்கும் பரவிற்று. 1990ஆம் ஆண்டில் எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார், பல நாட்டு ஊர்களை ஆராய்ந்து, தாமே கட்டுப்பாடு வகுத்துக்கொண்ட ஊரார் பொதுப்பொருளை நூற்றாண்டுக் கணக்கில் காத்து வந்ததை நிறுவினார். அவ்வாராய்ச்சிக்காக 2009ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றார். மாட்டுக்கும் ஆட்டுக்கும் எண் வரையறுத்து வைத்த அந்தப் பழைய இங்கிலாந்துக் கிராமத்தார் அவர் சொன்னதற்குச் சான்றாவர்.

விளைவு பெருகிற்று என்பதை யான் மறுக்கவில்லை. பசித்தவர்க்குக் கூடுதலாக ஒரு மரக்கால் தானியம் விளைந்தால் அது நன்மையே. ஆனால் அந்நன்மைக்கு விலை கொடுத்தவர் யார், அதனைப் பெற்றுக்கொண்டவர் யார் என்று கேட்க வேண்டும். விலை கொடுத்தவனைக் கேளாமலே விலை பேசி முடித்துவிட்டனர் என்பதே குற்றம். எழுத்தில் இருந்த உரிமைக்கு ஏக்கர் கிடைத்தது. நினைவில் இருந்த உரிமைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முறைப்படி அறிக்கை, முறைப்படி மசோதா, முறைப்படி அளவை, முறைப்படி தீர்ப்பு என யாவும் ஒழுங்காக நடந்தும் நீதி நடவாமற் போகக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று யான் அறிந்ததில்லை.

எனினும் கதை தோல்வியோடு முடியவில்லை. 1865ஆம் ஆண்டில் பொது நிலப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று அந்நாட்டில் தோன்றிற்று. மறு ஆண்டில் பெர்க்காம்ஸ்டெட் என்னும் ஊரின் பொது வெளியைப் பிரபு ஒருவர் இரும்பு வேலியிட்டு அடைத்தபோது, அகஸ்டஸ் ஸ்மித் என்னும் உரிமையாளர் ஒருவர் சார்பில் இலண்டனிலிருந்து ஏறக்குறைய 120 கூலியாட்கள் இரவில் வந்து, விடிவதற்குள் வேலியைப் பெயர்த்து வைத்துவிட்டுப் போயினர். ஆனால் அவர்கள் அதனோடு நில்லாமல் நீதிமன்றமும் சென்றனர். 1870ஆம் ஆண்டில் தீர்ப்பு அவர்கள் பக்கமே வந்தது. 1878ஆம் ஆண்டில் எப்பிங் காடு மக்களுக்காகச் சட்டத்தாற் காக்கப்பட்டது. வெஸ்ட் ஹாடன் ஊரார்க்கு இல்லாதது இவர்கட்கு இருந்தது: பழைய ஆவணங்களைத் தேடி எடுத்து, உரிமையை எழுத்தில் மெய்ப்பிக்க வல்ல ஒரு சங்கம்.

நம் நாட்டில் 'புறம்போக்கு' என்று ஒரு சொல் வழங்குகின்றது. வரிக் கணக்குக்குப் புறம்பாக விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். மந்தைவெளியும், களமும், ஏரிக்கரையும், பாதையும், சுடுகாடும் அதனுள் அடங்கும். ஊரின் உயிர் வாழ்வுக்கு இன்றியமையாத நிலங்களைக் கணக்கெழுதுவோன் கண்கொண்டு பார்த்து 'புறம்பு' என்றனர். நாளடைவில் அச்சொல் பயனற்றவனை வைவதற்கும் ஆயிற்று. முன் வரிசை மாணாக்கன் சொன்ன விடை எங்கிருந்து வந்ததென்று இப்போது விளங்குகின்றதல்லவா? 2011ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் நம் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் மாநிலத்து ஒரு குளத்தைப் பற்றிய வழக்கில், ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமித்தவரை அகற்றி அவற்றை ஊருக்கே மீட்டுத் தருமாறு எல்லா மாநில அரசுகளையும் பணித்தது. பின் வரிசை மாணாக்கன் விடையே அத்தீர்ப்பின் விடையுமாம்.

ஆதலின், நம் சங்கத்து அன்பர்களிடம் யான் வேண்டிக்கொள்வது இதுவே. ஊருக்குத் திரும்பியதும் உங்கள் ஊர்க் கணக்கையும் நில அளவைப் படத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மந்தை எது, களம் எது, வாய்க்கால் எது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எந்த வழக்கம் எந்நாள் தொட்டு வருகின்றதென்று அறிந்த முதியோர் உயிருடன் இருக்கும்போதே அதனை எழுதி வையுங்கள். ஊர்ப் பொதுவைப் பற்றி முடிவு செய்யும் கூட்டத்தில் நிலமுள்ளவரை மட்டும் அழைக்காதீர்கள். நிலமில்லாதவனும், நம் சாதியல்லாதவனும், ஆடு மேய்ப்பவனும், விறகு பொறுக்கும் கிழவியும் அங்கே வரட்டும். இழக்கப் போகின்றவன் அங்கே அமர்ந்திருந்தால், அவனை இல்லாதவன் என்று எண்ணுதல் எளிதன்று.

கடைசியாக ஒன்று, சொல்வதற்குச் சிறிது கூச்சமாகவே இருக்கின்றது. பிறர் வளைத்ததைப் பற்றிப் பேசும் நாம், நம் தோட்டத்து வேலியையும் ஒருமுறை சுற்றி நடந்து பார்த்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒரு முழமாக அது பாதைப் பக்கம் நகர்ந்திருக்கின்றதா என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யாருமில்லை. அவ்வாறு நகர்ந்திருப்பின், பிடுங்கி முன்னிருந்த இடத்தில் நடுவதற்குப் பார்லிமெண்டும் வேண்டா, நீதிமன்றமும் வேண்டா.